‘நூற்றில் மூன்று பேருக்குத்தானாம், எனக்கு எப்படி வந்தது?’: ஹெபடைடிஸ் பி பற்றி ஒரு கர்ப்பிணியின் கேள்வி

31 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டாவது குழந்தையைச் சுமக்கிறார், இப்போது 22 வாரம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் ‘ரியாக்டிவ்’ என்று, அதாவது வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறது என்று வந்திருக்கிறது. அந்த ஒரு வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தார்களே தவிர, யாரும் உட்காரவைத்து விளக்கவில்லை. கல்லீரல் என்சைம்கள் சரியாக இருக்கின்றன, உடம்பிலும் எந்தத் தொந்தரவும் இல்லை. கணவருக்குப் பரிசோதித்ததில் ‘நெகடிவ்’. அங்கிருந்துதான் வீட்டில் பேச்சு மாறியிருக்கிறது.

“அவனுக்கு இல்லை, உனக்கு மட்டும் எப்படி?” என்று மாமியார் கேட்கிறார். முதல் பிரசவத்தின்போது எல்லாம் சரியாக இருந்ததே, அப்படியானால் இடையில்தான் வந்திருக்கிறது என்பது அவர் கணக்கு. பழைய ஃபைலைத் தேடி எடுத்துப் பார்த்தால், அதில் ஹெபடைடிஸ் பி பரிசோதனையின் முடிவே இல்லை. தட்டும் டம்ளரும் தனியாகிவிட்டன. நான்கு வயது மகளை அம்மாவின் பக்கத்தில் படுக்க விடுவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ, “இங்கே இந்த நோய் கிட்டத்தட்ட யாருக்குமே இல்லை, எனக்கெல்லாம் இருக்காது” என்கிறார். இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் மூவரில் ஒருவருக்கு என்றும், இன்னோரிடத்தில் நூற்றில் மூவருக்கு என்றும், வேறோரிடத்தில் ஆயிரத்தில் சிலருக்கு என்றும் போட்டிருக்கிறதாம். கூடவே போதை ஊசி, பலருடன் உறவு என்று ஒரு ‘ஆபத்துப் பட்டியல்’. “அதில் எதுவுமே நான் இல்லை, டாக்டர். பரம்பரையாக வந்ததா? என் தாய்மாமா 46 வயதில் கல்லீரல் கெட்டு இறந்தார். குடித்ததே இல்லை, ஆனால் ஒளித்துக் குடித்திருப்பார் என்று எல்லாரும் பேசினார்கள். என் குழந்தைக்கும் வந்துவிடுமா?” என்று முடிக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் மனதில் ஏறாது. உங்கள் குழந்தைக்கு இந்தத் தொற்று வராமல் தடுக்க முடியும். அதற்கான வழிகள் நன்றாகப் பரிசோதிக்கப்பட்டவை, அவற்றைத் தொடங்க உங்களுக்கு நேரமும் இருக்கிறது. விவரத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் நீங்கள் கடிதம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்திருப்பது ‘எனக்கு எப்படி வந்தது’ என்ற இடத்துக்குத்தான். அதற்கு இந்த நோய் எந்த மக்களிடம் எவ்வளவு இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். அதைப் புரிந்துகொண்டால் உங்கள் மேல் விழுந்திருக்கும் சந்தேகத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்று நம்புகிறேன்.

எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை?

நீங்கள் படித்த மூன்று எண்களும் வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன. ‘மூவரில் ஒருவர்’ என்பது வாழ்நாளில் எப்போதோ ஒருமுறை இந்த வைரஸைச் சந்தித்தவர்களின் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் உடம்பு வைரஸை அடக்கிவிட்டது. ரத்தத்தில் அதன் தடமாக ஓர் எதிர்ப்புப்பொருள் மட்டும் மிஞ்சியிருக்கும். ‘நூற்றில் மூவர்’ என்பது இன்றைக்கும் வைரஸ் உடம்பில் தங்கியிருப்பவர்கள். உலக சுகாதார அமைப்பின் கணிப்புப்படி 2022-இல் இவர்கள் 25.4 கோடிப் பேர். உங்கள் ரிப்போர்ட்டில் வட்டமிடப்பட்ட வரி இந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

ஆயிரத்தில் சிலர் என்ற எண், அநேகமாக ரத்ததானம் செய்பவர்களிடம் எடுத்ததாக இருக்கும். தானம் செய்ய வருபவர்கள் ஆரோக்கியமானவர்கள். ஏற்கெனவே தொற்று இருப்பது தெரிந்தவர்கள் வரமாட்டார்கள், வந்தாலும் கேள்விகளிலேயே விலக்கப்படுவார்கள். அதனால் அவர்களிடம் எடுக்கும் விகிதம் பொது மக்களின் விகிதத்தைவிடக் குறைவாகவே இருக்கும். மாறாக, ஒரு கல்லீரல் பிரிவுக்கு வரும் நோயாளிகளை எண்ணினால் விகிதம் எகிறும். ஆகவே எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் அது யாரிடம் எடுத்தது என்பதைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் நம்புங்கள்.

மக்களில் 2%-க்கும் குறைவானவர்களுக்கு வைரஸ் தங்கியிருந்தால் அது குறைவான பரவல், 8%-ஐ எட்டினால் அதிகப் பரவல், இடைப்பட்டது நடுத்தரம் என்பது மருத்துவ உலகில் நெடுநாளாக இருக்கும் பிரிவு. அந்த 25.4 கோடியில் ஏறத்தாழ 9.7 கோடிப் பேர் சீனாவை உள்ளடக்கிய மேற்குப் பசிபிக் பகுதியில் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் 6.5 கோடி, இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியில் 6.1 கோடி. இரு அமெரிக்கக் கண்டங்களையும் சேர்த்தால் சுமார் 50 லட்சம்தான்.

ஆனால் நாட்டின் சராசரியும் ஏமாற்றும். அமெரிக்காவில் மொத்தத்தில் மிகக் குறைவு. அதே நாட்டின் அலாஸ்கா பழங்குடிக் கிராமங்களில் தடுப்பூசி வருவதற்கு முன் மிக அதிகமாக இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் மற்றவர்களைவிடப் பழங்குடி மக்களிடம் அதிகம். ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் குடிபெயர்ந்தவர்களிடம், அவர்கள் புறப்பட்ட மண்ணின் விகிதத்தை ஒட்டிய எண்ணே தென்படுகிறது. காரணம் எளிது: சின்ன வயதில் தங்கிய வைரஸ், ஆளோடு சேர்ந்து விமானம் ஏறுகிறது. உங்கள் தம்பியிடம் இதைத்தான் சொல்ல வேண்டும். அவருக்குத் தொற்று இருக்கிறதா என்பதை இன்றைய முகவரி தீர்மானிக்காது, பிறந்த வீடு தீர்மானிக்கும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் வயதுவந்த எல்லாருமே வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொன்னது. ‘ஆபத்துப் பட்டியலில்’ இருப்பவர்களை மட்டும் தேடியதில் நிறையப் பேர் விட்டுப்போனார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது தொற்றிய வயது

இந்த நோயைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பிறந்த குழந்தையின் உடம்பில் இந்த வைரஸ் நுழைந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு முறை அங்கேயே தங்கிவிடும். ஐந்து வயதுக்குள் தொற்றினால் நான்கில் ஒன்று முதல் பாதி வரை தங்கும். வளர்ந்த, ஆரோக்கியமான ஒருவருக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. மீதிப் பேர் சில வாரங்கள் மஞ்சள் காமாலையோடு சிரமப்பட்டோ, எதுவுமே தெரியாமலோ வைரஸை விரட்டிவிடுகிறார்கள். பச்சைக் குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு இது வெளி ஆள் என்று அடையாளம் தெரிவதில்லை. எதிர்ப்பதில்லை, அதனால் காய்ச்சலும் இல்லை காமாலையும் இல்லை. வருடக்கணக்கில் ஒரு சத்தமும் இருக்காது.

இப்போது அந்த ஆபத்துப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். அது பொய்யான பட்டியல் அல்ல. பரவல் குறைவாக உள்ள நாடுகளில் புதிதாகத் தொற்றுகிறவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள், அவர்களுக்குப் பாலுறவு வழியாகவும் ஊசி வழியாகவும் வருகிறது. பட்டியல் அவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. பரவல் நடுத்தரமாகவோ அதிகமாகவோ உள்ள மக்களிடம் கதை வேறு. அங்கே தொற்றைச் சுமக்கும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது பிறப்பின்போதோ, நடை பழகும் வயதிலோ வந்தது.

அதிலும் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. கிழக்கு ஆசியாவில் உள்ள வைரஸ் வகைகளில், தாய்மார்களுக்குப் பிள்ளை பெறும் வயதிலும் ‘ஈ ஆன்டிஜென்’ என்ற அடையாளம் தொடர்ந்து இருக்கும். ரத்தத்தில் வைரஸ் கொழித்துக் கிடக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதனால் அங்கே தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்குப் போவது பெரிய வழி. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் அந்த வயதுக்குள் ஈ ஆன்டிஜென் மறைந்துவிடுகிறது. அங்கே வீட்டில் ஒன்றாக வளரும் சின்னக் குழந்தைகளுக்கு இடையே, சிராய்ப்பு, புண், பகிர்ந்துகொண்ட பொருட்கள் வழியாகப் பரவுவது அதிகம். வைரஸ் உடம்புக்கு வெளியே உலர்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே போதும். இதுபோக, ஒரே ஊசியைப் பலருக்குப் போட்ட காலம் ஒன்று இருந்தது. 2000-ஆம் ஆண்டில் மட்டும் பாதுகாப்பற்ற ஊசிகளால் சுமார் 2.1 கோடிப் பேருக்கு இந்த வைரஸ் தொற்றியதாக உலக சுகாதார அமைப்பின் கணிப்பு ஒன்று சொன்னது. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளும் அதில் உண்டு.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். என்சைம்கள் சரியாக இருக்கின்றன, அறிகுறி இல்லை, காமாலை வந்த நினைவும் இல்லை. புதிதாகத் தொற்றியவரின் படம் இது அல்ல. நெடுநாளாக வைரஸோடு அமைதியாக இருப்பவரின் படம். உங்கள் தாய்மாமாவின் கதை, அம்மாவின் குடும்பத்தில் வைரஸ் இருந்திருக்கலாம் என்று நினைக்க வைக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்கு இது பால்குடி வயதிலோ சற்றுப் பின்னரோ வந்திருக்க வாய்ப்பு மிக அதிகம் என்பது என் கருத்து. உறுதியாக இன்ன நாளில் இன்னாரிடமிருந்து என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் ‘இடையில் வந்தது’ என்ற மாமியாரின் கணக்குக்கு ஆதாரமே இல்லை. முதல் கர்ப்பத்தின் ஃபைலில் அந்தப் பரிசோதனையே இல்லை என்கிறீர்கள். பரிசோதிக்காததை ‘சரியாக இருந்தது’ என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேண்டுமானால் ‘கோர் ஐஜிஎம்’ என்ற பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், அண்மையில் தொற்றியதா என்று பார்க்க அது உதவும். மேற்பரப்பு ஆன்டிஜெனையும் இன்னொரு மாதிரியில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு விரைவுச் சோதனையை வைத்து யாரும் வாழ்நாள் முடிவு எடுக்கக் கூடாது. பரவல் குறைவான மக்களிடம் தவறாக ‘ரியாக்டிவ்’ காட்டும் பங்கு இன்னும் கூடும்.

கணவருக்கு நெகடிவ் என்பதும் உங்களுக்கு எதிரான சாட்சி அல்ல. எப்போதோ தொற்றி ஆறியிருக்கலாம், தடுப்பூசி போட்டிருக்கலாம், இதுவரை தொற்றாமலே இருந்திருக்கலாம். இதில் எது என்று அந்த ஒரு பரிசோதனை சொல்லாது.

பரம்பரை நோயா?

உங்களுக்கு இந்தச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. இந்த வைரஸைக் கண்டுபிடித்தவருக்கே வந்தது. அமெரிக்க மருத்துவர் பாரூக் பிளம்பெர்க் வைரஸைத் தேடிப் புறப்பட்டவர் அல்ல. சில நோய்கள் சில மக்களுக்கு மட்டும் ஏன் அதிகம் என்று அறிய, உலகின் பல பகுதி மக்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து ஒப்பிட்டு வந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இதுவரை காணாத ஒரு புரதம் இருப்பதை அவருடைய குழு கண்டது. 1965-இல் அதை ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் அது அரிது, ஆசியாவின் சில பகுதிகளில் சாதாரணம். குடும்பம் குடும்பமாகவும் இருந்தது. அதனால் இது மரபணு வழியாக வரும் ஒரு பண்பு என்றுதான் முதலில் கருதினார்கள். அது ஒரு வைரஸின் மேலுறை என்பது சில ஆண்டுகள் கழித்தே தெளிவானது. பிளம்பெர்க் 1976-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய பிறந்த நாளான ஜூலை 28-தான் இன்றைக்கு உலக ஹெபடைடிஸ் தினம். உங்கள் ரிப்போர்ட்டில் வட்டமிட்டிருப்பது அதே ஆஸ்திரேலியா ஆன்டிஜெனைத்தான்.

குடும்பத்தில் பலருக்கு இருக்கிறது என்பதால் பரம்பரை என்று தோன்றுகிறது. உண்மையில் அது ஒரே வீட்டுக்குள் தாயிடமிருந்து பிள்ளைக்கும், பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கும் போகும் தொற்று. இந்த வித்தியாசம் உங்களுக்கு மிக முக்கியம். மரபணுவை மாற்ற முடியாது, தொற்றை வழியிலேயே மறிக்கலாம்.

மறித்தும் காட்டியிருக்கிறார்கள். தைவானில் ஒரு காலத்தில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பேருக்கு இந்த வைரஸ் இருந்தது. 1984-இல் குழந்தைகளுக்குத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. தலைநகர் தைபேயில் குழந்தைகளிடம் சுமார் 10% ஆக இருந்த தொற்று, 15 ஆண்டுகளில் 1%-க்கும் கீழே போனது. குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயும் அதோடு குறைந்தது. சீனாவில் 1992-இல் மொத்த மக்களில் 9.8% பேருக்கு இருந்தது, 2006-இல் 7.2%. இதைப் பார்த்துத் தடுப்பூசி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அதே 2006 ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் பார்த்தால் 1%தான். தொட்டிக்கு வரும் குழாயை அடைத்தாலும் ஏற்கெனவே நிரம்பிய தண்ணீர் அப்படியேதானே இருக்கும்? பெரியவர்களின் எண் மெல்லத்தான் இறங்கும். குழந்தைகளின் எண்தான் இன்று என்ன நடக்கிறது என்பதைக் காட்டும்.

எல்லா நாடுகளும் 1997-க்குள் இந்தத் தடுப்பூசியைக் குழந்தைகளுக்கான திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொன்னதே 1992-இல்தான். பல நாடுகள் அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான் சேர்த்தன. நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது உலகின் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. உங்களிடம் குறை இருந்ததால் இது வந்துவிடவில்லை. பிறந்த காலம் அப்படி.

குழந்தைக்குச் செய்ய வேண்டியவை

எந்தப் பாதுகாப்பும் செய்யாவிட்டால், ஈ ஆன்டிஜென் உள்ள தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 70 முதல் 90% வரை. அது இல்லாத தாயிடமிருந்து வெகுவாகக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. எனவே இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் இரண்டு பரிசோதனைகளைக் கேளுங்கள்: ஈ ஆன்டிஜென், ரத்தத்தில் வைரஸ் அளவு. ஒரு மில்லிலிட்டரில் 2 லட்சம் யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால், டெனோஃபோவிர் என்ற மாத்திரையைத் தினமும் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். வைரஸ் அளவு பார்க்க வசதி இல்லாத இடத்தில் ஈ ஆன்டிஜென் இருப்பதை வைத்தே முடிவெடுப்பார்கள். பொதுவாக 28-ஆவது வாரம் வாக்கில் தொடங்குவது வழக்கம், சற்று முன்னதாகவும் தொடங்கலாம். கர்ப்பிணிகளுக்கு நிறையக் கொடுத்துப் பழகிய மருந்து அது, பயப்பட வேண்டாம். நீங்களாக நிறுத்த மட்டும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி சீறிக்கொண்டு வரக்கூடும்.

பிறந்ததும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டாக வேண்டும். உங்களைப் போன்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு 12 மணி நேரத்துக்குள் போடுவது இன்னும் நல்லது. அதோடு இன்னொரு தொடையில் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின், அதாவது வைரஸுக்கு எதிரான தயார்நிலை எதிர்ப்புப்பொருள் கொண்ட ஊசி. இந்த இரண்டும் சேர்ந்தால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்காவது தொற்று தடுக்கப்படும். வைரஸ் அதிகம் உள்ள தாய் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தால் மிச்சமுள்ள ஆபத்தும் மிகச் சிறியதாகிவிடும். அப்புறம் மீதித் தவணைகளை நாள் தவறாமல் போடுங்கள்.

இதில் என் அனுபவத்தில் கோட்டை விடப்படுவது மருத்துவ அறிவில் அல்ல, ஏற்பாட்டில்தான். பிரசவம் விடுமுறை நாளின் நள்ளிரவில் நடக்கும், இம்யூனோகுளோபுலின் ஃப்ரிட்ஜில் இருக்காது, பணியில் இருப்பவருக்கு அம்மாவின் ரிப்போர்ட் தெரியாது. 34, 35-ஆவது வாரத்துக்குள்ளேயே மருத்துவமனையில் போய், “அந்த ஊசி இருப்பில் இருக்கிறதா, இல்லாவிட்டால் எங்கே வாங்கி வைக்க வேண்டும்?” என்று நேராகக் கேளுங்கள். ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். கணவருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும், அந்த நேரத்தில் நீங்கள் பேசும் நிலையில் இருக்க மாட்டீர்கள். உலக அளவில் பிறந்தவுடன் போட வேண்டிய இந்தத் தவணை பாதிக்கும் குறைவான குழந்தைகளுக்கே கிடைக்கிறது. ஆப்பிரிக்காவில் ஐந்தில் ஒரு குழந்தைக்குக்கூடக் கிடைப்பதில்லை. எனக்கு இது தீராத ஆதங்கம்.

இந்தத் தொற்றுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், முதல் தடுப்பூசி போட்ட குழந்தைக்கு அதனால் ஆபத்து கூடுவதில்லை. குழந்தைக்கு 9 முதல் 12 மாதம் ஆகும்போது, தடுப்பூசித் தவணைகள் முடிந்த பிறகு, மேற்பரப்பு ஆன்டிஜெனையும் எதிர்ப்புச் சக்தியையும் பரிசோதியுங்கள். அதற்கு முன்பு அவசரப்பட்டுப் பார்த்தால் முடிவு குழப்பும்.

மகள், கணவர், தனித் தட்டு

மகளை முதலில் பாருங்கள். அவள் பிறந்தபோது உங்களுக்குப் பரிசோதனை இல்லை என்பதால் அவளுக்கு இம்யூனோகுளோபுலின் போட்டிருக்க மாட்டார்கள். தடுப்பூசி அட்டையில் பிறந்த அன்றைய தவணை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்கு ரத்தப் பரிசோதனை அவசியம். எதிர்ப்புச் சக்தி இருந்தால் கவலை முடிந்தது. தொற்றும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் தடுப்பூசி. ஒருவேளை தொற்று இருந்தால், உடைந்துபோகாதீர்கள். இந்த வயதில் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் நன்றாக ஓடியாடி வளர்வார்கள், குழந்தைகளுக்கான கல்லீரல் மருத்துவரிடம் ஒழுங்காகக் காட்டிவர வேண்டும். எந்த முடிவு வந்தாலும் அவளை உங்கள் பக்கத்திலிருந்து பிரிக்க மருத்துவக் காரணம் ஒன்றுகூட இல்லை. இன்றிரவே அவள் உங்களோடு படுக்கட்டும்.

கணவருக்கு மேற்பரப்பு எதிர்ப்புப்பொருள் (பாதுகாப்பு இருக்கிறதா என்று காட்டும்), கோர் எதிர்ப்புப்பொருள் (எப்போதாவது தொற்றியதா என்று காட்டும்) இரண்டையும் பாருங்கள். பாதுகாப்பு இல்லையென்றால் மூன்று தவணைத் தடுப்பூசி. அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதை உறுதிசெய்யும்வரை ஆணுறை. அதன் பிறகு அவருக்கு உங்களால் ஆபத்தில்லை.

தட்டு, டம்ளர், சமையல், அணைப்பு, முத்தம் கொடுத்துக் குழந்தையைக் கொஞ்சுவது, ஒரே கழிப்பறை ஆகிய எதிலும் இது பரவாது. தனியாக வைக்க வேண்டியவை பல் துலக்கும் பிரஷ், ரேசர், நகவெட்டி, ஊசி, ரத்தம் படக்கூடிய எதுவும். காயத்தை மூடி வையுங்கள். மாமியாருக்கு நீங்கள் விளக்குவதைவிட அவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போவது நல்லது. வீட்டில் உள்ள எல்லாரும் பரிசோதித்து, தேவைப்பட்டவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அவருடைய பயத்துக்கும் வேலை இருக்காது. அவர் கேட்கும் கேள்விக்குப் பின்னால் பேரக்குழந்தைகளைப் பற்றிய பயமும் இருக்கிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் உங்கள் நடத்தையைப் பற்றிய பேச்சை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதைக் கணவர்தான் எழுந்து நிறுத்த வேண்டும். இந்தக் கடிதத்தை அவரும் படிக்கட்டும்.

உங்கள் உடம்பும் உங்கள் வேலையும்

வைரஸ் இருப்பவர்கள் எல்லாருக்கும் கல்லீரல் கெடுவதில்லை. சின்ன வயதில் தொற்றி, எந்தக் கவனிப்பும் சிகிச்சையும் இல்லாமல் விட்டால், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பிற்காலத்தில் சிரோசிஸோ (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) கல்லீரல் புற்றுநோயோ உயிருக்கே ஆபத்தாக முடிகிறது. கவனித்தால் அதைப் பெருமளவு தவிர்க்கலாம். டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் வைரஸை நன்றாக அடக்கி வைக்கும், முற்றாக ஒழிப்பது அரிது. உங்களுக்கு இப்போதே நிரந்தரச் சிகிச்சை வேண்டுமா என்பது வைரஸ் அளவையும் கல்லீரலின் நிலையையும் பொறுத்தது. பிரசவத்துக்குப் பிந்தைய சில மாதங்களில் என்சைம்கள் ஏறலாம், அந்த நாட்களில் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு வாழ்நாள் முழுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். கல்லீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் ஸ்கேன் எப்போதிலிருந்து என்று மருத்துவர் சொல்வார். கல்லீரலைச் சுத்தப்படுத்தும் என்று யாராவது பொடியோ கஷாயமோ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கெடுதல் செய்யும் மருந்துகளும் அதில் கலந்து வருகின்றன.

வேலையில் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்குச் சிகிச்சை அளிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும், மற்றவர்களுக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். அலுவலக வேலைக்கும் இந்தத் தொற்றுக்கும் சம்பந்தமே இல்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், சந்தேகம் இருந்தால் அங்குள்ள வழக்கறிஞரிடம் கேளுங்கள். இவ்வளவு பேருக்குத் தொற்று இருந்த சீனாவில், பரிசோதனையைக் காட்டியே வேலையும் கல்லூரி இடமும் மறுக்கப்பட்டு வந்தன. 2010-இல் வேலைக்கும் படிப்புக்குமான உடல் பரிசோதனைகளிலிருந்து அரசு ஹெபடைடிஸ் பி சோதனையை நீக்கியது.

அம்மாவும் மாமாவும்

உங்கள் அம்மா, அக்கா, தம்பி மூவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உலகில் இந்த வைரஸ் உள்ளவர்களில் 2022 முடிவில் தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் 13% மட்டுமே. உங்கள் வீட்டிலும் தெரியாமல் யாராவது இருக்கலாம். அம்மா தயங்குகிறார், ‘நான்தான் கொடுத்தேனா’ என்று அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் பழி பேச்சாகத் தொடங்காதீர்கள். அவருக்கும் இருந்தால் அது அவருடைய அம்மாவிடமிருந்தோ, கூடப் பிறந்தவர்களிடமிருந்தோ, ஒரு ஊசியிலிருந்தோ வந்திருக்கும், அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். “உன் கல்லீரலை இப்போதே பார்த்துவிடலாம், மாத்திரை இருக்கிறது” என்று சொல்லுங்கள், வருவார்.

மாமாவுக்கு என்ன இருந்தது என்று இனிப் பரிசோதித்துச் சொல்ல முடியாது. ஆனால் மதுவைத் தொடாதவர்களுக்கும் இந்த வைரஸால் சிரோசிஸ் வரும், கல்லீரல் புற்றுநோயும் வரும். தைவானில் 22,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1981-இல் வெளியானது. வைரஸ் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட 200 மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது. ஒளித்துக் குடித்தார் என்ற பேச்சை நம்ப உங்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. அவர் இறந்த வயதையும், கிடைத்தால் பழைய மருத்துவச் சீட்டுகளையும் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் இருந்ததா என்பதைப் பொறுத்து, உங்களுக்கும் அக்கா, தம்பிக்கும் ஸ்கேன் தொடங்கும் வயது மாறும். மாமாவுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள், அவர்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளட்டும்.